அமெரிக்க ஆர்டர் நின்று வேலை போன பனியன் கம்பெனி ஆட்களுக்கு உதவி ஏதும் உண்டா?

பேட்லாக் அக்கா, திருப்பூர் (நவம்பர் 2025)

ஆறு வருஷமாக ஒரே கம்பெனியில் பேட்லாக் (துணி விளிம்பை மடித்துத் தைக்கும் மெஷின்) டெய்லர். எல்லாமே அமெரிக்க ஆர்டர். ஆகஸ்ட் 27ஆம் தேதி அங்கே நம் சரக்குக்கு இறக்குமதி வரி 50 சதவீதம் ஆனதும் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டானது, அப்புறம் வாரம் மூன்று நாள். தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்த பிறகு கூப்பிடவே இல்லை. கடைசியாக நான் கைப்பகுதி மடித்துத் தைத்துக் கொடுத்த குழந்தைகள் டி-ஷர்ட், டாலர் விலை அட்டையோடு பெட்டி பெட்டியாகச் செக்கிங் ஹாலிலேயே கிடக்கிறது.

பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை டிசம்பர் வரை எடுத்திருக்கிறார்கள். ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி ரூபாய்க் கடன் உத்தரவாதம் என்றும் செய்தி வந்தது. கம்பெனி நின்றால்தான் நாங்களும் நிற்போம், சரி. வீட்டில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்களுக்கான உதவித்தொகை பத்தாவது பாஸுக்கு மாதம் 300 ரூபாய். அதற்கும் பதிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும். என் லைன் வீட்டு வாடகையே 3,500.

காங்கேயம் ரோடு

அக்கா, உங்கள் சம்பளத்தில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தார்களா? பிடித்திருந்தால் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்று ஒன்று இருக்கிறது. வேலை போனவருக்குச் சராசரி தினக்கூலியில் பாதி, 90 நாள் வரை, வாழ்நாளில் ஒரு முறை. கூலி 480 என்றால் 240 வீதம் 21,600 ரூபாய் வரும். வேலை போய் 30 நாள் கழித்து ஆன்லைனில் போட்டுவிட்டு, ஆதார், பாஸ்புக் நகலோடு ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் நேரிலேயே கொடுக்கலாம். முதலாளி வழியாகப் போக வேண்டியதில்லை.

பவர் டேபிள் 12

அம்மணி, நான் மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். 2005இல் வெளிநாடுகள் துணி இறக்குமதிக்கு வைத்திருந்த கோட்டாவை (அளவுக் கட்டுப்பாட்டை) எடுத்தபோது உலகமே நம் ஊருக்கு வரும் என்று மெஷின் வாங்கினோம். ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் அனுப்பும் வங்கதேசம் முந்திக்கொண்டது. 2011இல் சாயப்பட்டறைகளை மூடினார்கள். ஆர்டர் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது, ஆனால் ஊருக்குப் போன டெய்லர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. பிரிட்டனோடு ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால் அங்கே நம் சரக்குக்கு வரி இருக்காது. அதுவரை உங்கள் கையில் இருக்கும் தொழிலை விட்டுவிடாதீர்கள். என்னிடம் வாரம் இரண்டு நாள் வேலை தர முடியும்.

பேட்லாக் அக்கா

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அண்ணா, இரண்டு நாளானாலும் வருகிறேன்.

ஈஎஸ்ஐ பிடித்தார்கள். ஆனால் நான் இன்னும் வேலையில் இருப்பதாகத்தான் பதிவில் காட்டுகிறது. மேனேஜரிடம் கேட்டால், "உங்களை நிறுத்தவே இல்லையே, ஆர்டர் வந்தால் போன் பண்ணுவோம்" என்கிறார். வேலையும் இல்லை, வேலை போனதாகவும் இல்லை. கடைசி வேலை நாளைப் பதிந்து கொடுங்கள் என்று கேட்க, கம்பெனியில் என் தையல் லைனில் இருந்த பதினோரு பேரும் திங்கள்கிழமை சேர்ந்து போகிறோம். அதற்கான மனு மாதிரி யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள், எல்லோருக்கும் ஒன்றாகவே எழுதிக்கொள்கிறோம்.