சென்சரைக் குழாயின் மேல்முதுகில் பூட்டலாமா?

கிணற்றடி:
தோட்டக்காரர் குழுவில் நேற்று ஒருவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: “அல்ட்ராசோனிக் மீட்டரின் இரண்டு சென்சரையும் குழாயின் மேல்முதுகில் பூட்டுங்கள். குனியத் தேவையில்லை. எங்கே பூட்டினாலும் ஒன்றுதான்.”

ஒன்றில்லை! அந்த மீட்டர், குழாய்க்கு வெளியே பூட்டிய சென்சரிலிருந்து ஒலியை அனுப்பித்தான் உள்ளே ஓடுகிற தண்ணீரை அளக்கிறது. படுத்திருக்கிற குழாயில் காற்று சேருவது மேல்முதுகில்தான். தண்ணீருக்குள் போகிற ஒலி காற்றில் முட்டினால் ஏறக்குறைய 99.9 வீதம் திரும்பிவிடும். மேலே ஒரு விரல் அகலத்துக்குக் காற்று நின்றால் போதும், சென்சருக்குத் தண்ணீர் தெரியாது. பக்கவாட்டில் பூட்ட வேண்டும், மணிக்கூட்டில் 3, 9 இருக்கிற இடத்தில். இப்படி எழுதி ஆட்களின் காசைக் கரியாக்காதீர்கள்.

வயல்வெளி:
அதை எழுதியவன் நான். என்னிடமே கேட்டிருக்கலாம் அண்ணை, ஊரைக் கூட்டத் தேவையில்லை. என் வெங்காயத் தோட்டத்து 2 இஞ்சி பிவிசி குழாயில் மேலேதான் பூட்டியிருக்கிறேன். மார்கழியில் பூட்டியது. 1000 லீட்டர் தாங்கியை நிரப்பிப் பார்த்தேன், மீட்டர் 987 காட்டியது. இதில் என்ன பிழை?

கேள்விக்குறி:
எந்த வகை மீட்டர் என்று இருவரும் சொல்லவில்லையே. ஓட்டத்தோடு போகிற ஒலிக்கும் எதிர்த்து வருகிற ஒலிக்கும் உள்ள நேர வித்தியாசத்தை எடுப்பதா, டொப்ளரா? டொப்ளர் தண்ணீரில் மிதப்பதில் பட்டுத் திரும்புகிற ஒலியை வைத்து அளப்பது, அதற்குக் குமிழியோ தூசியோ இருக்க வேண்டும். மற்றதற்கு அது ஆகாது.

கிணற்றடி:
மார்கழியில் பூட்டினேன் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மார்கழியில் மழை பெய்து கிணறு முட்ட நிற்கும், காற்று எங்கிருந்து வரும்? ஆவணியில் பாருங்கள். தண்ணீர் அடிக்கு இறங்கி, உறிஞ்சுகுழாயின் அடிமுனையில் இருக்கிற ஃபுட் வால்வ் வாயோரம் சுழி விழுந்து, கொர் கொர் என்று இழுக்கும். போன ஆவணியில் எங்கள் வீட்டில் மேலே பூட்டியிருந்தபோது 40 காட்டும், பூச்சியம் காட்டும், திடீரென்று 62 காட்டும். பட்டியைத் தளர்த்தி சென்சரைக் கால்வட்டம் திருப்பி இறுக்கினேன். 38க்கும் 41க்கும் நடுவில் நின்றது. அதே குழாய், அதே மோட்டர்.

இன்னொன்று. மேலே ஒரே பக்கத்தில் இரண்டையும் வைத்தால் ஒலி குழாயின் அடியில் பட்டுத் திரும்ப வேண்டும். நம் கிணற்றுச் சுண்ணாம்பு மணல் படிவதும் அடியில்தான். மேலே காற்று, கீழே மணல். பக்கவாட்டு!

வயல்வெளி:
காற்றை இழுத்தால் மோட்டர் அதை அரைத்துத் தண்ணீரைப் பால் மாதிரி ஆக்கிவிடும். பிறகு மேல் என்ன, பக்கம் என்ன? உங்கள் பக்கவாட்டுச் சென்சருக்கு மட்டும் குமிழி வழிவிடுமா?

கிணற்றடி:
நாற்பது அடி படுத்த குழாயில் தண்ணீர் மெல்லப் போகும்போது குமிழி மேலேறிச் சேரத்தான் செய்யும். மேலே சேரும். எத்தனை தரம் சொல்வது?

ஸ்காபறோ மைந்தன்:
இங்கே கனடாவில் கட்டடங்களில் இதுதான் என் தொழில். நிலைக்குத்துக் குழாயில், தண்ணீர் மேலேறுகிற இடத்தில் பூட்டுங்கள். குழாய் எப்போதும் நிறைந்திருக்கும், மேல் பக்கம் என்ற பேச்சே வராது. குழாய் வளைகிற முழங்கைக்குப் பிறகு விட்டத்தின் 10 மடங்கு, சென்சருக்குப் பிறகு 5 மடங்கு நேர்குழாய் விடுங்கள். 2 இஞ்சிக்கு 20 இஞ்சியும் 10 இஞ்சியும். அந்த அளவு குழாயில் தண்ணீர் செக்கனுக்கு ஒரு மீட்டர் போனால் நேர வித்தியாசம் சில பத்து நானோசெக்கன்தான். முழங்கையில் சுழல்கிற தண்ணீரை வைத்துக்கொண்டு அதை எடுக்க முடியாது.

வயல்வெளி:
பனிக்குள் இருந்துகொண்டு எங்கள் கிணற்றுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். எங்களிடம் நிமிர்ந்து நிற்கிற குழாய் கிணற்றுக்குள் மட்டும்தான். அதற்குள் இறங்கிப் பூட்டவா?

ஸ்காபறோ மைந்தன்:
நான் யாழ்ப்பாணத்து இணுவிலில் கிணற்றுத் துலா மிதித்து வளர்ந்தவன் தம்பி. கிணறு என்றால் என்ன என்று எனக்குச் சொல்லாதீர்கள். தாங்கிக்கு ஏறுகிற குழாய் உங்கள் வளவில் இல்லையா?

கிணற்றடி:
நிலைக்குத்து நல்லதுதான், நான் மறுக்கவில்லை. படுத்த குழாய் என்றால் பக்கவாட்டு. வயல்வெளி, உங்கள் படத்தையும் பார்த்தேன். சென்சருக்கு அடியில் வாசலின் பூசியிருக்கிறீர்கள். பங்குனி வெயிலில் பிவிசி தொட முடியாமல் சுடும்போது அது உருகி வழிந்துவிடும். சென்சருக்கும் குழாய்க்கும் நடுவில் காற்று புகுந்தால் அங்கேயும் ஒலி நின்றுவிடும். சிலிக்கன் கிரீஸ் வாங்குங்கள்.

வயல்வெளி:
இப்போது வாசலினுக்கு வந்துவிட்டார்! போன வருடம் சொட்டுநீர் வடிகட்டி விஷயத்திலும் இப்படித்தான் எல்லார் முன்னும் என்னைக் குறை சொன்னீர்கள். அதை நான் மறக்கவில்லை.

பனங்கூடல்:
மன்னிக்க வேண்டும், எனக்கு வேறு தேவை. வீட்டில் நெல்லி ரசம் (சீனிப்பாகில் காய்ச்சுகிற நெல்லிச்சாறு) செய்து போத்தலில் அடைக்கிறோம். 12 மில்லிமீட்டர் மென்மையான சிலிக்கன் குழாய். இந்த இறுக்கிப் பூட்டும் சென்சர் அதற்குச் சரிவருமா?

ஸ்காபறோ மைந்தன்:
அதற்குத் தனி வகை இருக்கிறது தங்கச்சி. தவாளிப்புக்குள் குழாயை வைத்து மூடி அழுத்தினால் சுவர் சென்சர் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். பலவற்றுக்குக் கிரீஸே தேவையில்லை. உங்கள் குழாயின் வெளிவிட்டத்தையும் சுவர்த் தடிப்பையும் அளந்து கொடுத்து வாங்குங்கள். வெறும் தண்ணீருக்குச் சரிபார்த்த மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். சீனிப்பாகில் ஒலி இன்னும் வேகமாகப் போகும். உங்கள் ரசத்தையே ஓடவிட்டு, அளந்த பாத்திரத்தில் பிடித்துச் சரிபாருங்கள்.

கிணற்றடி:
தங்கச்சியின் குழாயிலும் காற்று மேலேதான் சேரும். பக்கவாட்டில் வையுங்கள்.

கேள்விக்குறி:
வயல்வெளி, மீட்டர் எந்த வகை என்று கேட்டிருந்தேன்.

வயல்வெளி:
987 லீட்டர். அதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. சென்சர் மேலேதான் இருக்கும்.

கிணற்றடி:
ஆவணி முதல் கிழமை உங்கள் தோட்டத்துக்கு வருகிறேன், தாங்கியைக் காலியாக வைத்திருங்கள். சிலிக்கன் கிரீஸ் நான் கொண்டு வருகிறேன். சென்சரைப் பக்கவாட்டுக்குத் திருப்பிவிட்டுத்தான் போவேன்.

வயல்வெளி:
படலை பூட்டியிருக்கும்.