நம் அணித் தோழனுக்கு மாற்று ஆட்கள் தேவை

குழுவில் உள்ள அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம். நம் அணியில் கார்னரில் (களத்தின் ஓரத்தில்) நின்று பிடிக்கும் நம் தோழன் ஏன் கபடி ஆட வருவதில்லை என்று பலர் கேட்டீர்கள். பக்கவாதத்தில் அவன் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். வீட்டில் வேறு ஆள் இல்லை. படுக்கைப்புண் வராமலிருக்க சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும்தான். அவன் தூக்கமே போச்சு.

களத்தில் 7 பேர் இறங்கினாலும் மாற்றுக்கு 5 பேர் வெளியே இருப்போம். இவனுக்கு அப்படி ஒருவர்கூட இல்லை.

மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. கேரளத்தில் ஊர்க்காரர்களே தொண்டர்களாகப் பயிற்சி எடுத்து, வீடுகளுக்குப் போய் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். புரட்டுவதற்கு அவனே நமக்குச் சொல்லித் தருவான்.

சாயங்காலம் ஒருவர் 2 மணி நேரம் உட்கார்ந்தால் அவன் தூங்கி எழுவான். சனிக்கிழமை இரவுக்கு இரண்டு பேர் வேண்டும். குளிப்பாட்ட, உடை மாற்ற, உங்கள் வீட்டு அக்காக்கள் யாராவது வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு அதுதான் கூச்சமில்லாமல் இருக்கும்.

அப்புறம், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். நம் பகுதி சுகாதார செவிலியரைத் தெரிந்தவர்கள் பதிய உதவுங்கள்.

பணம் இப்போது வேண்டாம், வாங்க மாட்டான். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வர முடியும் என்று மட்டும் கீழே எழுதுங்கள். அட்டவணையை நான் போடுகிறேன்.