சிஸ்டர்ஸ் இன் கிரைம் கூட்டத்துக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா?

கிளேட்டன்வாசி:
குற்றக் கதையும் மர்மக் கதையும் எழுதுகிற, படிக்கிற பெண்களின் சங்கம் அது. மெல்பர்னில் அவர்கள் நடத்தும் கூட்டம் எப்படி இருக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் தனியாகப் போயிருந்தேன். பேச்சு முடிந்து எல்லோரும் எழுந்த நேரத்தில் பக்கத்து நாற்காலி அம்மா, எழுபது வயது இருக்கும், என் பக்கம் திரும்பி, "உங்கள் கதையில் செத்தது யார்?" என்றார். எழுதுவீர்களா என்று கேட்கவே இல்லை. என் மடியில் இருந்த கைப்பைக்குள் பதினோரு பக்கம், நாலாக மடித்து. "நான் எழுதுவதில்லை, சும்மா படிப்பேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் பையைப் பார்த்தார். நான் ஜிப்பை இழுத்து மூடினேன். அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. நான் எழுதுவது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. முகம் தெரியாத ஒருவர் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார், நான் பொய் சொன்னேன்.

டாண்டினாங் ரயில்:
மனைவிக்குத் துணையாகப் போனவன் நான். ஆண்கள் உள்ளே வரலாமா என்று வாசலில் தயங்கிக் கேட்டேன். "வாங்க, நீங்கள் எங்கள் பிரதர்-இன்-லா" என்றார் டிக்கெட் வாங்கிய பெண். அங்கே வரும் ஆண்களுக்கு அதுதான் பெயராம். இந்த ஊருக்கு வந்து பத்து வருடம், முறை வைத்து என்னைக் கூப்பிட்ட முதல் வெள்ளைக்காரம்மா அவர்தான். தொண்டை அடைத்துவிட்டது. ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. இந்தச் சங்கம் பெண்களுக்கென்று தனிப் பரிசு கொடுக்கிறதே, அது எதற்கு? கதை நன்றாக இருந்தால் யார் எழுதினால் என்ன?

பழைய உறுப்பினர்:
தம்பி, இப்படிக் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லத்தான் அவர்கள் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1986இல் அமெரிக்காவில் மர்ம நாவலாசிரியர் சாரா பரெட்ஸ்கியும் தோழிகளும் கூடிப் பேசி, பத்திரிகை மதிப்புரைகளில் பெண்கள் எழுதிய மர்ம நாவல்களுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். மெல்பர்னில் 1991இல் ஆரம்பம். ஆஸ்திரேலியாவின் முதல் மர்ம நாவல் என்று சொல்லப்படுவதை 1865இல் எழுதியவர் எல்லன் டாவிட். நல்ல கதை தானாக மேலே வரும் என்றால் அவர் ஏன் நூறு வருடத்துக்கு மேல் மறந்து கிடந்தார்? 2001இலிருந்து அவர் பெயரில் விருது கொடுக்கிறார்கள், அதனால்தான் இன்று நாம் அந்தப் பெயரைச் சொல்கிறோம்.

என் அனுபவம் சின்னது. பெண்களுக்காகச் சங்கம் நடத்தும் ஸ்கார்லெட் ஸ்டிலெட்டோ சிறுகதைப் போட்டியின் கோப்பையைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தேன். சிவப்பு ஹைஹீல்ஸ், ஒற்றைக் கால். குதிகாலுக்குப் பதில் எஃகுக் கத்தி, பீடத்தில் குத்திக்கொண்டு நிற்கிறது. 1994இல் அதை முதலில் வாங்கிய கேட் கென்னடி அடுத்த வருடமும் வாங்கினார், ஜோடி சேர்ந்துவிட்டது.

கிளேட்டன் தங்கச்சி, உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பதினோரு பக்கத்தை இந்தப் போட்டிக்கு அனுப்பு. 5,000 வார்த்தைக்குள் இருக்க வேண்டும், குற்றமோ மர்மமோ வேண்டும், பெண் ஒருத்தி கதையை முன்நின்று நடத்த வேண்டும். இந்த மூன்றாவதில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். தடயத்தை நாயகி எடுத்துக் கொடுப்பாள், கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து விளக்கம் சொல்வார். அவரை வெட்டு. விஷம் வைத்திருந்தால் அது எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும் என்று பார்த்துக்கொள், ஒரு வாய் காபியில் யாரும் பொத்தென்று விழுவதில்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறாய் என்பதற்காக அத்தையை ஆன்ட்டி ஆக்காதே. அப்புறம், வீட்டில் சொல்.

டாண்டினாங் ரயில்:
எல்லன் டாவிட் பெயரை இன்றுதான் கேள்விப்படுகிறேன், அக்கா. பரிசைப் பற்றி நான் கேட்டதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் "வீட்டில் சொல்" என்பது சுலபமில்லை. என் மனைவி எழுதுகிறாள் என்று அந்தக் கூட்டத்தில் அவள் கை தூக்கிக் கேள்வி கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. ஏழு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.

கிளேட்டன்வாசி:
அக்கா, நான் யோசனை கேட்கவில்லை. ஆனாலும் படித்துவிட்டுப் பையைத் திறந்தேன். பத்தாம் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் வருகிறார். பதினொன்றில் விளக்குகிறார்.

அந்த அம்மாவிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன். செத்தது வட்டிக்கு விடும் பரமசிவம். யார் செய்தது என்று தோசை மாவு விற்கும் மரகதத்துக்கு நாலாம் பக்கத்திலேயே தெரியும். நான்தான் அவளைப் பேச விடவில்லை.