டைசன் தன் காரைக் கைவிட்டது சரிதானா?

செல்வா_82:
வேக்குவம் கிளீனர் விற்றுப் பெரும் பணக்காரரான ஜேம்ஸ் டைசன், சொந்தக் காசில் 50 கோடி பவுண்டைக் கொட்டி ஒரு மின்சாரக் காரை உருவாக்கினார். 2019 அக்டோபரில், ஒரு வண்டிகூட விற்பனைக்கு வராமலே திட்டத்தை மூடிவிட்டார். எல்லோரும் படுதோல்வி என்கிறார்கள், எனக்கோ மரியாதை கூடியது. வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்கவில்லை, பங்குச் சந்தையில் ஊரார் பணத்தைத் திரட்டவில்லை, கணக்கு ஒத்துவராது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்.

பட்டறைவாசி:
நிறுத்தியதை யாரும் குறை சொல்லவில்லை தம்பி, தொடங்கிய விதம்தான் தப்பு. முதல் வண்டியே ஏழு பேர் உட்காரும்படி, 2.6 டன் எடையில், ஒரே சார்ஜில் 600 மைல் ஓடுவதாக இருக்க வேண்டுமா? டெஸ்லா தன் முதல் காரை லோட்டஸ் கம்பெனியின் எலீஸ் காருடைய அடிச்சட்டத்தை வைத்துத்தான் செய்தது. இவர் எல்லாவற்றையும் புதிதாகச் செய்யப் போய், 1,50,000 பவுண்டுக்கு விற்றால்தான் முதலுக்கு மோசமில்லை என்ற நிலை. அவரே பிறகு சொன்ன கணக்கு இது.

செல்வா_82:
5,127 மாதிரிகள் செய்து பார்த்துப் தூசிப் பை இல்லாத கிளீனரைக் கொண்டுவந்தவர் அண்ணே, அவரிடம் போய் அடுத்தவர் அடிச்சட்டத்தை வாங்கச் சொல்வதா? ஐரோப்பிய விதியையும் பாருங்கள். கிலோமீட்டருக்கு 95 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்பது 2020-க்கென்று ஒரு கம்பெனியின் மொத்த விற்பனையின் சராசரிக்கு வைத்த இலக்கு. அதனால் பெரிய கம்பெனிகள் மின்சாரக் காரை நட்டத்துக்கு விற்றாலும், பெட்ரோல் வண்டிகளுக்கான அபராதம் மிச்சமாகும். பெட்ரோல் வண்டியே இல்லாத டைசன் அந்த விலையோடு எப்படிப் போட்டி போடுவார்?

பட்டறைவாசி:
அதே விதியால்தான் 2019-ல் ஃபியட் கிறைஸ்லர் கார்க் கம்பெனி, தன் சராசரியைக் குறைத்துக் காட்ட டெஸ்லாவோடு கூட்டுச் சேர்ந்து அதற்குப் பணம் கொடுத்தது. புகையில்லா வண்டி விற்பவருக்கு அதில் வரவும் உண்டு. ஆனால் முதலில் வண்டி சாலைக்கு வர வேண்டுமே.

மலர்விழி:
நான் காருக்கு உதிரிபாகம் செய்யும் ஓர் இடத்தில் வேலை பார்த்தவள். 5,127 என்ற எண்ணைக் காருக்குக் கொண்டுவராதீர்கள். கிளீனரில் ஒரு பாகம் சரியில்லை என்றால் மறுநாள் வேறொன்று செய்துவிடலாம். காரில் ஒரு கதவின் வளைவை மாற்றினாலே தகட்டை அழுத்தி வடிக்கும் அச்சை மாற்ற வேண்டும், கதவுச் சட்டம், ரப்பர், கண்ணாடி எல்லாம் கூடவே மாறும், அப்புறம் மோதல் சோதனையையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். டைசன் பெரிதாக நம்பியது திட மின்கலத்தை, அதாவது உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வைத்த பேட்டரியை. அதற்காகவே 2015-ல் சக்தி3 என்ற அமெரிக்க நிறுவனத்தை 9 கோடி டாலருக்கு வாங்கினார். அந்த மின்கலம் சந்தைக்கு வரவே இல்லை. அதற்குள் 2018-ல் சிங்கப்பூரில் கார்த் தொழிற்சாலை என்று அறிவித்தாயிற்று!

செல்வா_82:
சரி அக்கா, மின்கலம் கைக்கு வருமுன் தொழிற்சாலையை அறிவித்தது அவசரம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 500-க்கும் மேற்பட்டவர்கள் உழைத்த வண்டியை, ஓடும் நிலையில் வைத்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்ல எத்தனை முதலாளிக்கு மனசு வரும்?

பட்டறைவாசி:
அந்த 500 பேரிடம் 2017-லேயே சின்னதாக ஒரு வண்டி கேட்டிருந்தால் செய்து கொடுத்திருப்பார்கள். எனக்கு அந்த ஆதங்கம்தான்.