மருத்துவக் கல்லூரிக்கு முன் ஓராண்டு இடைவெளி: எப்படிச் செலவிடுவது?

கேள்வி

வணக்கம். எனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. சேர்வதை ஓராண்டு தள்ளிவைக்கவும் கல்லூரி எழுத்து மூலம் ஒப்புதல் தந்திருக்கிறது. நுழைவுத் தேர்வைத் தவிர வேறெதையும் நினைக்காமல் இரண்டு ஆண்டுகள் படித்ததில், புத்தகத்தைத் தொட்டாலே சலிப்பு வருகிறது என்பதால்தான் இந்த முடிவை எடுத்தேன். இப்போதோ, படித்ததெல்லாம் மறந்துபோய், முதலாம் ஆண்டில் மற்றவர்களைவிடப் பின்தங்கிவிடுவேனோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. உடற்கூறியல் புத்தகம் ஒன்றை வாங்கி இரண்டு அத்தியாயங்கள் படித்துப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்துத் தோள்பட்டைத் தசைகளின் பெயர்கள்கூட நினைவுக்கு வரவில்லை. வீட்டில் ஒருவர் ஆய்வகத்தில் சேரச் சொல்கிறார், இன்னொருவர் ஊர் சுற்றி வரச் சொல்கிறார், மூன்றாமவர் முதலாம் ஆண்டுப் பாடத்தை இப்போதே முடிக்கச் சொல்கிறார். இத்தகைய ஓராண்டைக் கடந்து வந்தவர்கள் எதைச் செய்தீர்கள், எதைச் செய்யாமல் விட்டதற்கு வருந்துகிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் மறுமொழி

உடற்கூறியல் புத்தகத்தை எடுத்து வைத்துவிடுங்கள். நீங்கள் மறந்தது உங்கள் குறையன்று. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம் நினைவாற்றலையே அளந்து பார்த்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். பொருளோடு ஒட்டாமல் படித்ததில் பாதிக்கு மேல் முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது என்று அவர் கண்டார். உடலைப் பார்க்காமல், நோயாளியை அறியாமல் படிக்கும் தசைப் பெயர்களும் ஏறத்தாழ அந்த அசைகளைப் போன்றவைதான். கல்லூரியில் அதே பெயர்களை உடலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே படிப்பீர்கள், அப்போது நிற்கும்.

நான் என் ஓராண்டில் எட்டு மாதங்கள் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு உதவியாளராக இருந்தேன். முதல் இரண்டு வாரங்கள் படுக்கை விரிப்பு மாற்றுவதும் கழிகலம் சுத்தம் செய்வதும் மட்டுமே என் வேலை. அதற்குப் பிறகுதான், பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் வராமல் போன ஒரு முதியவருக்கு உணவூட்டும் பொறுப்பை மூத்த செவிலியர் எனக்குக் கொடுத்தார். அவரை நேராக நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். முகவாய் சற்றே கீழ்நோக்கி இருக்க வேண்டும். அரைக் கரண்டி கொடுத்தபின் தொண்டை மேலேறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த கரண்டியை எடுக்க வேண்டும். செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் உணவு ஒதுங்கியிருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். தொண்டையிலிருந்து வரும் ஒலி ஈரமாகக் கேட்டாலோ இருமல் வந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் மூச்சுக்குழாய்க்குள் போகும் உணவு நிமோனியாவில் கொண்டுபோய் விடும். உண்டு முடித்த பிறகும் அரை மணி நேரம் அவரைப் படுக்கவிடக் கூடாது. ஒரு கிண்ணம் கூழுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். நான் அவசரப்பட்ட நாள்களில் அவர் இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துவார். பின்னாளில் விழுங்குதலை இயக்கும் மூளை நரம்புகளை வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்தபோது, எனக்கு அந்தத் தொண்டை ஏறி இறங்குவதுதான் கண்முன் நின்றது. அந்தப் பாடத்தை நான் மறந்ததே இல்லை.

ஆகவே பத்து மருத்துவர்களின் பின்னால் ஆளுக்கொரு நாள் நின்று வேடிக்கை பார்ப்பதைவிட, ஒரே இடத்தில் ஆறு மாதமாவது உங்கள் கைக்கு வேலை இருக்கும்படி பணிபுரியுங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பயிற்சி பெறாத எதையும், ஊசி போடுவதையோ தையல் போடுவதையோ, யார் அனுமதித்தாலும் செய்யாதீர்கள். நோயாளியின் பெயரோ படமோ உங்கள் கைப்பேசியில் இருக்கவே கூடாது.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நோயாளிகளின் அருகில் போவதற்கு முன் உங்கள் தடுப்பூசிப் பதிவுகளைத் தேடி எடுங்கள். இரத்தத்தின் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான தடுப்பூசியை வழக்கமான முறைப்படி மூன்று டோஸ்களாகப் போடுகிறார்கள்: முதல் டோஸுக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. அதன்பின் ஒன்று முதல் இரண்டு மாதத்திற்குள் இரத்தப் பரிசோதனை செய்து, எதிர்ப்பொருளின் அளவு மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகையாவது எட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எட்டவில்லையென்றால் மேலும் டோஸ்கள் தேவைப்படும். இதற்கே எட்டு மாதங்கள் போய்விடுவதால், இடைவெளி ஆண்டு இதற்கு மிகவும் பொருத்தமானது. நான் கல்லூரியில் சேர்ந்த பிறகே தொடங்கினேன். மூன்றாவது டோஸுக்கு முன்பே, பயன்படுத்திய ஊசி ஒன்று என் விரலில் குத்திவிட்டது. ஒன்றும் ஆகவில்லை என்றாலும், பரிசோதனை முடிவுகள் வரும்வரை நான் சரியாக உறங்கவில்லை.

சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) பயிற்சியையும் காணொளியில் பார்ப்பதோடு விட்டுவிடாமல், பயிற்சிப் பொம்மையின்மேல் நேரில் பழகுங்கள். பெரியவர்களுக்கு மார்பெலும்பு 5 செ.மீ.க்குக் குறையாமலும் 6 செ.மீ.யைத் தாண்டாமலும் இறங்கும்படி, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துவது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை ஆளை மாற்றச் சொல்வதன் காரணத்தை உங்கள் தோள்களே சொல்லிவிடும்.

மூன்றாம் மறுமொழி

எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. கேள்வியின் முதல் பாதியில் சலிப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. முதல் ஓரிரு மாதங்கள் நிம்மதியாக உறங்குங்கள், நடங்கள், விட்டுப்போன நட்புகளைப் புதுப்பியுங்கள். நான் ஓய்வும் எடுக்காமல், எதையும் தொடங்கவும் செய்யாமல், நாள்தோறும் காலையில் புத்தகத்தைத் திறந்துவைத்துக் குற்ற உணர்வோடு உட்கார்ந்தே என் ஓராண்டைத் தொலைத்தேன். கல்லூரியில் சேரும்போது முன்பிருந்ததைவிடக் களைத்திருந்தேன்.

ஊதியமின்றிப் பணியாற்றும் வசதி எல்லோருக்கும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடைக் கவுண்டரிலோ, தொலைபேசியில் புகார் கேட்கும் பிரிவிலோ வேலை பார்த்துப் பணம் சேர்த்தாலும் அந்த ஆண்டு வீணாகாது. கோபமாக வருகிறவர் சொல்வதை இடைமறிக்காமல் இறுதிவரை கேட்கும் பழக்கம் அங்கும் வரும். ஆய்வகத்தில் சேர்வதை, உங்களுக்கே ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தால் மட்டும் நினைத்துப் பாருங்கள்.

பின்தங்கிவிடுவேனோ என்று அஞ்சுகிறீர்கள் அல்லவா? சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியராகவும், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்துவிட்டு, 33 வயதில்தான் மருத்துவம் படிக்கத் தொடங்கினார்; 1957இல் மருத்துவரானார். இறக்கும் நிலையிலுள்ள நோயாளிகளின் வலியை அருகிலிருந்து பார்த்த அந்த ஆண்டுகளே, 1967இல் லண்டனில் அவர் தொடங்கிய, இறக்கும் நிலையிலுள்ளோரைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற இல்லத்துக்கு அடிப்படையாயின.

படிப்பை அடியோடு விடவும் வேண்டாம். கடைசி இரண்டு மாதங்களில், ஏற்கெனவே படித்த வேதியியலையும் செல் உயிரியலையும் ஒருமுறை புரட்டுங்கள். புதிதாக எதையும் தொடங்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தடுப்பூசிப் பதிவை இன்றே தேடுகிறேன். முதியோர் இல்லத்தில் சேர விருப்பம்தான். ஆனால் நான் இதுவரை ஒரு மரணத்தையும் அருகிலிருந்து பார்த்ததில்லை. தாங்குவேனா என்று தெரியவில்லை.

முதல் மறுமொழி எழுதியவர்

நான் உணவூட்டிய முதியவர் என் ஆறாவது மாதத்தில் இறந்துபோனார். அன்று மூத்த செவிலியர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடாமல், விருப்பமிருந்தால் உடலைத் துடைக்கும்போது உடனிருக்கலாம் என்றார். உயிரோடு இருந்தபோது செய்ததைப் போலவே, கையைத் தூக்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அவரிடம் சொல்லிவிட்டே தூக்கினார். பிறகு பணியாளர் அறையில் உட்காரவைத்து, நான் பேசி முடிக்கும்வரை கேட்டார். அப்படி ஒருவர் இல்லாதிருந்தால் நானும் தாங்கியிருக்க மாட்டேன். எனவே சேர்வதற்கு முன் அந்த இடத்தின் பொறுப்பாளரிடம் இரண்டைக் கேளுங்கள்: எனக்கு யார் பயிற்சி தருவார்கள், நான் பார்த்துக்கொள்பவர் இறந்துபோனால் அன்று நான் யாரிடம் பேசலாம். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் வேறு இடம் பாருங்கள்.