பழைய பிக்கப்: சிஓஇ புதுப்பிக்கலாமா?

வணக்கம். 2016இல் பதிவான டொயோட்டா ஹைலக்ஸ், சிங்கிள் கேப் (ஒரே வரிசை இருக்கை), டீசல். செடி வியாபாரத்துக்குச் சிங்கப்பூரில், ஈசூனில் ஓட்டுகிறேன். அடுத்த மாதம் சிஓஇ (வண்டி வைத்திருக்க வாங்கும் 10 ஆண்டு உரிமைச் சான்றிதழ்) முடிகிறது.

ஒரு வாரம் வேன் வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். ஆளுயர வாழைக்கன்றும் முருங்கையும் உள்ளே நிற்கவில்லை, படுக்கவைத்ததில் குருத்து முறிந்துவிட்டது. மனசே கேட்கவில்லை. டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை) பார்த்தேன், பின்தட்டு நீளம் 1.5 மீட்டர்தான். பெரிய லாரி வாங்கினால் எங்கள் புளோக் அருகே நிறுத்த முடியாது.

புதுப்பித்தால் சரக்கு வண்டிகளுக்கான 'சி' பிரிவு சிஓஇ விலையின் கடைசி 3 மாதச் சராசரியைக் கட்ட வேண்டும், 6 மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கும் போக வேண்டும். வண்டியில் இதுவரை பெரிய கோளாறு இல்லை.

10 ஆண்டு தாண்டிய சிங்கிள் கேப் பிக்கப்பைத் தினமும் வேலைக்கு ஓட்டுகிறவர்களே, பராமரிப்புக்கு வருடம் எவ்வளவு வெள்ளி ஆகிறது?