சர்வருக்கு மட்டும் பேக்கப் போதுமா, மேசைக் கணினிகளுக்கும் வேண்டுமா?

நொய்யல்:
வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் ஐ.டி. பொறுப்பு என்னிடம் இருக்கிறது. இரண்டு சர்வர், 42 கணினி. ஒரு சர்வரில் கணக்கு மென்பொருளான டேலியும், எஸ்.க்யூ.எல். டேட்டாபேஸில் ஓடும் இ.ஆர்.பி.யும் (ஆர்டர், இருப்பு, பில் எல்லாம் பார்க்கும் மென்பொருள்) இருக்கின்றன. மற்றது ஃபைல் சர்வர். மூன்று வருடமாக ஒரு பேக்கப் மென்பொருள் வைத்திருக்கிறோம், 44 இயந்திரத்திலும் அதன் ஏஜென்ட், அதாவது நகலெடுத்து அனுப்பும் சிறு நிரல், ஓடுகிறது. அடுத்த மாதம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். இந்த முறை 42 கணினிகளையும் எடுத்துவிட்டு சர்வர்களுக்கு மட்டும் புதுப்பிக்கலாம் என்று நினைக்கிறேன்.

காரணம் எளிது. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் இரண்டையும் குரூப் பாலிசி (எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து போடும் அமைப்பு) மூலம் ஃபைல் சர்வருக்குத் திருப்பிவிட்டேன். ஒரு கணினி செத்தால் புது டிஸ்க் போட்டு நம் விண்டோஸ் இமேஜை (டிஸ்க்கின் முழு நகல்) இறக்கினால், மதியத்துக்குள் ஆள் வேலையில் உட்கார்ந்துவிடுவார். போன மூன்று வருடத்தில் ஒரு மேசைக் கணினியைக்கூட பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டி வரவில்லை. அந்தப் பணத்தில் சர்வருக்கு இன்னொரு நகலை ஊருக்கு வெளியே வைக்கலாம். மறுப்பு இருப்பவர்கள் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அமராவதிக்கரை:
எனக்கு மறுப்பு இருக்கிறது. கரூரில் வீட்டு ஜவுளி நிறுவனங்களுக்குக் கணினி பார்ப்பவன் நான், 11 வருடமாகிறது.

முதலில் மெயில். உங்கள் மெர்ச்சண்டைசர்கள் (பையரோடு ஆர்டர் பேசுபவர்கள்) மெயிலைத் தங்கள் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப் முறையில் அவுட்லுக்கில் எடுக்கிறார்களா? அப்படியானால் அந்த மெயிலெல்லாம் சேரும் பி.எஸ்.டி. ஃபைல் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அதை நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்துத் திறப்பதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை, அடிக்கடி கெட்டுப்போகும். அதனால் முக்கால்வாசி இடங்களில் அது சி டிரைவிலேயே கிடக்கிறது. பையர் எப்போது எந்த ஷேடுக்குச் சம்மதம் சொன்னார், எந்த தேதிக்கு ஷிப்மெண்டைத் தள்ளிப்போட ஒத்துக்கொண்டார் என்பதற்கெல்லாம் அதுதான் சாட்சி. அது சர்வரில் இல்லை.

அடுத்தது ஒரு சம்பவம். இங்கே ஒரு தறிக்கூடத்தில் ஜக்கார்டு டிசைன் போடும் கணினி ஒன்று, விண்டோஸ் 7. டிசைன் ஃபைல்கள் எல்லாம் சர்வரில் பத்திரமாக இருந்தன. ஒருநாள் அந்தக் கணினியின் டிஸ்க் போனது. மென்பொருளை மறுபடி நிறுவ அசல் சி.டி. இல்லை, விற்றவர் தொழிலை விட்டே போய்விட்டார். தறிக்கு டிசைன் அனுப்பும் செட்டிங்கை வருடக்கணக்காக ஒருவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வைத்திருந்தார். ஒன்பது நாள் பழைய டிசைன்களை மட்டுமே ஓட்டினார்கள். டேட்டா கைவசம் இருந்தது, அதைத் திறக்கத்தான் வழி இல்லை. உங்கள் 42 கணினியில் பேட்டர்ன் போடுவது, எம்பிராய்டரி மெஷினுக்கு அனுப்புவது, பிளாட்டர் ஓட்டுவது என்று அப்படி எத்தனை இருக்கின்றன?

நொய்யல்:
பி.எஸ்.டி. விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, காலையில் போய்ப் பார்த்தேன். 14 பேரிடம் இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து மெயிலை சர்வரிலேயே வைக்கும் முறைக்கு மாற்றுவதுதான். தினமும் 14 கணினியை நகலெடுத்துக்கொண்டிருப்பது இல்லை. தவறான இடத்தில் இருக்கும் ஃபைலுக்கு பேக்கப் எடுத்தால் அது அந்த இடத்திலேயே நிலைத்துவிடும்.

டிசைன் கணினிக்கும் என் பதில் அதேதான். அதன் அமைப்பு வருடத்தில் இரண்டு முறை மாறினால் அதிகம். மாறும்போது ஒரு முழு இமேஜ் எடுத்து அலமாரியில் வைத்தால் போதும், தினசரி ஏஜென்ட் எதற்கு?

பெரிய உதாரணம் ஒன்றைப் பாருங்கள். 2017 ஜூனில் நாட்பெட்யா வைரஸ் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கியது. 4,000 சர்வர், 45,000 கணினி ஆகியவற்றை பத்து நாளில் மறுபடி நிறுவியதாக அதன் தலைவரே அடுத்த வருடம் டாவோஸில் சொன்னார். 45,000 கணினியையும் ஒவ்வொன்றாக பேக்கப்பிலிருந்து மீட்டிருக்க முடியுமா? புதிதாக நிறுவித்தான் எழுந்தார்கள்.

அமராவதிக்கரை:
அதே கதையின் இன்னொரு பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேர்ஸ்க்கின் சர்வர்களுக்கு பேக்கப் இருந்தது. ஆனால் யார் எதற்குள் நுழையலாம் என்று தீர்மானிக்கும் டொமைன் கண்ட்ரோலர்களுக்கு இல்லை. அவை ஒன்றையொன்று நகலெடுத்துக்கொள்வதால் தனி பேக்கப் தேவையில்லை என்று இருந்துவிட்டார்கள். எல்லாமே ஒரே நேரத்தில் போயின. கானாவில் ஒரே ஒரு இயந்திரம் மட்டும், அந்நேரம் அங்கே கரண்ட் இல்லாததால், தப்பியது. அதன் டேட்டாவைக் கையால் விமானத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் மற்றவற்றை எழுப்ப முடிந்தது.

‘இதற்கு பேக்கப் தேவைப்படாது’ என்று நாம் ஒதுக்கும் பட்டியலில்தான் ஆபத்து இருக்கிறது. நீங்கள் இப்போது போடுவது அந்தப் பட்டியல்தான். எல்லாவற்றிலும் ஏஜென்ட் இருந்தால் பட்டியலே போட வேண்டாம். 42 கணினியிலும் ஒரே விண்டோஸ் இருப்பதால் இடமும் பெரிதாகப் போகாது. நல்ல மென்பொருள் ஒரே மாதிரித் துண்டுகளை ஒருமுறைதான் சேமிக்கும், அப்புறம் தினமும் மாறியதை மட்டும் எடுக்கும்.

ஷெல்தம்பி:
அண்ணன்கள் இருவரும் லைசென்ஸ் வாங்கத்தான் வேண்டும் என்று வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டி) வாங்கி, விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையை வைத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, இரவு 11 மணிக்கு ஓட விட்டால் என்ன? லினக்ஸ் என்றால் ஆர்சிங்க். எங்கள் அலுவலகத்தில் நான்கு வருடமாக இப்படித்தான்.

நொய்யல்:
தம்பி, ஃபைல் சர்வருக்கு அது ஓரளவு போதும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸுக்குப் போதாது. எஸ்.க்யூ.எல். தன் ஃபைலைப் பூட்டி வைத்திருக்கும், ரோபோகாப்பியால் அதைத் தொட முடியாது. எப்படியோ எடுத்தாலும் பாதி எழுதிய நிலையில் வரும். பேக்கப் மென்பொருள் விண்டோஸின் ஷேடோ காப்பி சேவையிடம் சொல்லும். அது டேட்டாபேஸை ஒரு கணம் எழுதாமல் நிறுத்தி, அந்தக் கணத்தின் படத்தைப் பிடித்துக் கொடுக்கும். நாம் கொடுக்கும் காசில் பாதி அதற்குத்தான்.

மீதிப் பாதி, வேலை நடக்காவிட்டால் கத்துவதற்கு. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி. மிஞ்சியது. ஒன்றுக்கு ஐந்து முறைகளில் நகல் எடுப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் தினசரி டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) சேரும் இடம் காலி. டம்ப் எடுக்கும் நிரல் பழைய 9.2 பதிப்பு, டேட்டாபேஸ் 9.6. அதனால் ஒவ்வொரு நாளும் தோற்றிருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயிலும் டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகக் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் இருந்ததால் பிழைத்தார்கள்.

ஷெல்தம்பி:
டேட்டாபேஸ் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். எஸ்.க்யூ.எல்.லின் சொந்த பேக்கப் கட்டளையையே ஸ்கிரிப்டில் போடலாம், போட்டிருக்கிறேன். ஆனால் கிட்லேப் கதை என் பக்கம்தான் நிற்கிறது. அங்கே தோற்றது ஸ்கிரிப்ட் இல்லை, பார்க்க ஆள் இல்லாததுதான். காசு கொடுத்து வாங்கிய மென்பொருளின் பச்சை டிக்கை நம்பி யாரும் திறந்தே பார்க்காத அலுவலகங்களை நானும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. பேக்கப் மென்பொருள் தானே ஒரு வாசலாகிவிடுகிறது. வீம் என்ற பேக்கப் மென்பொருளில் 2023இலும் 2024இலும் வெளிவந்த பெரிய ஓட்டைகளை, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் பயன்படுத்தின. 44 இயந்திரத்திலும் முழு உரிமையோடு ஓடும் ஒரு ஏஜென்ட் என்றால், அதைக் கட்டுப்படுத்தும் சர்வரைப் பிடித்தவனுக்கு எல்லாமே கிடைத்த மாதிரி. அமராவதிக்கரை அண்ணா, ‘எல்லாவற்றிலும் ஏஜென்ட்’ என்பதற்கு இந்த விலையும் உண்டு.

வல்வெட்டி:
வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தம்பி தொட்ட இடத்தில்தான் எங்கள் நாட்டில் அடி விழுந்தது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பை ரான்சம்வேர் தாக்கியது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் திரும்பி வரவில்லை. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். மின்னஞ்சல் சேவையகம் காலாவதியான பழைய பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. பேக்கப் இல்லாமல் இல்லை, இருந்தது. ஆனால் அதுவும் இணைப்பிலேயே இருந்ததால் சேர்ந்தே பூட்டப்பட்டது. கழற்றி வைத்த நகல் அந்த மாதங்களுக்கு இல்லை.

அதனால் நான் கேட்பது சர்வரா மேசைக் கணனியா என்பதல்ல. நொய்யல் அண்ணை, உங்கள் பேக்கப் சர்வர் மற்றக் கணினிகள் இருக்கும் அதே டொமைனில்தான் (ஒரே இடத்திலிருந்து அனுமதி பெறும் கணினிக் கூட்டம்) சேர்ந்திருக்கிறதா? அதே அட்மின் கடவுச்சொல்லா?

நொய்யல்:
ஆமாம். இரண்டுக்குமே ஆமாம். இதை எழுதும்போது எனக்கு நிம்மதியாக இல்லை. இன்று மாலையே அதை டொமைனிலிருந்து கழற்றித் தனிக் கடவுச்சொல் போடுகிறேன்.

கணக்கர்_கோவை:
சட்டப் பக்கம் ஒன்று. கம்பெனிகள் (கணக்கு) விதிகள் 2014இன் 3ஆம் விதிப்படி, மின்னணு முறையில் வைக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும். முன்பு ‘குறிப்பிட்ட கால இடைவெளியில்’ என்று இருந்தது. 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு அது தினமும். பிரைவேட் லிமிடெட் என்றால் உங்களுக்கும் பொருந்தும், கூட்டாண்மை நிறுவனம் என்றால் இந்த விதி கிடையாது. வெள்ளிக்கிழமை தோறும் டேலியை பென் டிரைவில் ஏற்றி முதலாளி வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் இங்கே இன்னும் நிறைய இருக்கிறது. கம்பெனியாக இருந்தால் அது மட்டும் போதாது.

நூல்மண்டி:
ஐ.டி. தெரியாத முதலாளி ஒருவன் கேட்கிறேன். எல்லாக் கணினியிலும் கூகுள் டிரைவ் போட்டிருக்கிறோம். இதெல்லாம் அதிலேயே முடியாதா?

அமராவதிக்கரை:
ஐயா, அது ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே வைரஸ் ஃபைலைப் பூட்டினால் பூட்டிய ஃபைல்தான் அங்கேயும் போகும். பழைய பதிப்புகள் சில நாள் இருக்கும், அதற்குள் கவனித்தால் உண்டு. தவிர, மீட்கும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.4 டெராபைட்டை 50 எம்.பி.பி.எஸ். இணைப்பில் இறக்க, ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடினாலும் 62 மணி நேரம். அத்தனை நேரமும் பில் போட முடியாது. வெளியூர் நகல் அவசியம்தான், ஆனால் முதல் மீட்பு உள்ளே இருக்கும் பெட்டியிலிருந்து வர வேண்டும்.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ஐந்து சர்வர், 1.3 டெராபைட் அளவுக்குப் பூட்டப்பட்டது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிட்டல் டேட்டாவை மீட்டார்கள். டேட்டா முழுசாகக் கிடைத்தும் சுமார் இரண்டு வாரம் பேப்பரில்தான் நோயாளிகளைப் பதிந்தார்கள். நகல் இருப்பது வேறு, மறுபடி வேலை தொடங்குவது வேறு. நொய்யல், நீங்கள் கடைசியாக எப்போது முழுசாக ஒருமுறை மீட்டுப் பார்த்தீர்கள்?

நொய்யல்:
ஒரு ஃபைல், இரண்டு ஃபைல் மீட்டிருக்கிறோம். முழு சர்வரை ஒருமுறைகூட இல்லை. ஞாயிறு ஆலை விடுமுறை, செய்துவிட்டு வருகிறேன்.

நொய்யல் (நான்கு நாள் கழித்து):
ஞாயிறு காலை 9:40க்கு ஆரம்பித்தோம். ஒரு பழைய சர்வரை எடுத்து, நெட்வொர்க்கிலிருந்து கழற்றி, அதில் மீட்டோம். ஃபைல் சர்வர் வந்துவிட்டது, டேலியும் திறந்தது. இ.ஆர்.பி. டேட்டாபேஸ் 12 மணிக்குள் ஏறிவிட்டது, ஆனால் ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. பயனர்களின் லாகின் எல்லாம் எஸ்.க்யூ.எல்.லின் மாஸ்டர் டேட்டாபேஸில் இருக்கிறது, அது எங்கள் பேக்கப் பட்டியலிலேயே இல்லை. மூன்று வருடமாகப் பச்சை டிக் வந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்து மாலை 5 மணிக்கு முதல் இன்வாய்ஸ் போட்டுப் பார்த்தோம்.

அமராவதிக்கரை கேட்டதால் எம்பிராய்டரி டிசைன் கணினியின் இமேஜையும் வேறொரு புதுக் கணினியில் ஏற்றினேன். விண்டோஸ் 7 எழுந்தது. புது மதர்போர்டின் யு.எஸ்.பி. 3க்கு அதில் டிரைவர் இல்லை, கீபோர்டும் வேலை செய்யவில்லை, மென்பொருளைத் திறக்கும் யு.எஸ்.பி. சாவியான டாங்கிளையும் அது பார்க்கவில்லை.

என் முடிவை மாற்றிக்கொள்கிறேன், ஆனால் முழுவதும் இல்லை. இப்படித் தனியான மென்பொருள் உள்ள ஏழு கணினிக்கும் அக்கவுண்ட்ஸின் இரண்டுக்கும் ஏஜென்ட் தொடரும். மெயில் மாற்றி முடியும்வரை அந்த 14 பேருக்கும் உண்டு. மீதி 19 கணினிக்கு இப்போதும் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அமராவதிக்கரை:
அந்த 19இல் எச்.ஆர். கணினி இருக்கிறதா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஃபைல்களை அவர்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே விட்டு வைப்பார்கள். நீங்கள் திருப்பிவிட்டது டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும்தானே? நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

டிசைன் கணினிக்கு இமேஜ் மட்டும் போதாது, அதே மாடல் மதர்போர்டு ஒன்றும் கைவசம் வேண்டும். பழைய போர்டுகள் விற்கும் கடை ஈரோட்டில் ஒன்று தெரியும். மாடல் எண் அனுப்புங்கள், விசாரித்துச் சொல்கிறேன்.

நொய்யல்:
எச்.ஆர். கணினி அந்த 19இல்தான் இருந்தது. இப்போது 18. மாடல் எண்ணைத் தனி மடலில் அனுப்பியிருக்கிறேன்.